சீசனோடு நின்றுபோன வேலை: ஆறு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது?

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலின் சமையற்கட்டில் நான்கு வருடம் வேலை செய்த தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசியில் சீசன் முடிந்ததும் ஆட்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஏப்ரலில் திரும்பக் கூப்பிடுவது அந்த ஹோட்டலின் வழக்கமாம். கடந்த செப்டம்பர் 30ஆம் திகதியும் அப்படித்தான் அனுப்பினார்கள். "ஏப்ரலில் கோல் பண்ணுவோம்" என்று முகாமையாளர் வாயால் சொன்னார், கடிதம் எதுவும் இல்லை. சித்திரை வருடப்பிறப்பு முடிந்தும் அழைப்பு வராததால் ஏப்ரல் 21ஆம் திகதி இவர் நேரிலேயே போயிருக்கிறார். வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஜூன் மாதம். "லேபர் ஒபிஸில் ஒரு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். ஆனால் வழக்குப் போட 3 மாதம்தான் என்று ஒருவர் சொல்கிறார், 6 மாதம் என்று இன்னொருவர் சொல்கிறார். என் காலம் முடிந்துவிட்டதா? வழக்கில் தோற்றால் மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள்?" என்று கேட்கிறார்.

முதலில் நேரடியான பதில். தனியார் துறையில் வேலைநீக்கம் செய்யப்பட்டவர், இப்படியான வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு (லேபர் ட்ரிபியூனல்) விண்ணப்பம் செய்ய வேண்டிய காலம், வேலை முடிவுறுத்தப்பட்ட திகதியிலிருந்து 6 மாதம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவு இதைச் சொல்கிறது. உங்களுக்கு 3 மாதம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. 2003இல் வந்த திருத்தம் அந்தக் காலத்தை 3 மாதமாகக் குறைத்தது. 2008இல் அது மீண்டும் 6 மாதமாக்கப்பட்டது. இடைப்பட்ட அந்தச் சில வருடங்களில் கேட்டதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். நியாய சபையின் கட்டளைக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கான விசேட அனுமதியைக் கேட்க 6 வாரம்.

சரி, 6 மாதம் என்று தெரிந்துவிட்டது. உங்கள் விஷயத்தில் சிக்கல் அந்த 6 மாதம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. செப்டம்பர் 30இல் வேலை போனது என்று கொண்டால் மார்ச் முடிவோடு உங்கள் காலம் போய்விட்டது. ஏப்ரல் 21இல் போனது என்றால் ஒக்டோபர் 21 வரை இருக்கிறது.

கிழக்குக் கரையில் வேலை செய்பவர்களுக்கு இது தனியான ஒரு பொறி. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று நம் கடற்கரை முழுவதும் சீசன் நடப்பது ஏறக்குறைய ஏப்ரல், மே முதல் செப்டம்பர் வரைக்கும்தான். வாடைக்காற்று தொடங்கியதும் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு போகாது, அறைகள் காலியாகும். ஒக்டோபரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ பெரும்போக வயலுக்குப் போவார், சிலர் கொழும்புக்குப் போவார்கள். எல்லோரும் ஏப்ரலில் வரப்போகும் அழைப்பை நம்பித்தான் இருப்பார்கள். ஆனால் ஒக்டோபர் முதல் மார்ச் வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 6 மாதம். அழைப்பு வராது என்று தெரியவரும் நாளில், சட்டம் தந்த காலமும் முடிந்துவிட்டதாக முதலாளியின் சட்டத்தரணி எழுந்து நின்று சொல்லலாம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதனால் நட்டப்படுவது எப்போதும் தொழிலாளிதான். அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து வாதம் பலமானது என்பது என் கருத்து. செப்டம்பர் 30இல் உங்களை வேலையிலிருந்து நீக்குவதாக யாரும் சொல்லவில்லை. திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்பினார்கள். முந்தைய வருடங்களிலும் அதேபோல அனுப்பி, அதேபோல எடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்த இடைவெளி உங்கள் வேலைத் தொடர்புக்குள் வந்த ஒரு இடைவெளிதான். வேலை முடிவுறுத்தப்பட்டது ஏப்ரல் 21இல் வாசலில் வைத்து மறுத்தபோதுதான். விண்ணப்பத்தை இந்த அடிப்படையில்தான் எழுத வேண்டும். நியாய சபை வார்த்தைகளை மட்டும் பார்க்காது, நடந்தவற்றைப் பார்த்து நீதியும் ஒப்புரவுமான கட்டளையைத் தர வேண்டும் என்பதே சட்டம் அதற்குக் கொடுத்திருக்கும் வேலை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலும் நிவாரணம் தர அதற்கு அதிகாரம் உண்டு. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருந்தால் அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள். "ஒப்பந்தக் காலம் முடிந்தது, நாங்கள் யாரையும் நீக்கவில்லை" என்று ஹோட்டல் சொல்வதற்கு அது இடம் கொடுக்கும். நான்கு வருடம் அதே வேலையைத் தொடர்ந்து தந்தார்கள் என்பதுதான் அதற்கு உங்கள் பதில்.

ஆனால் வாதம் பலமாக இருந்தால் போதாது, திகதியை நிரூபிக்க வேண்டும். முதலாளி வேலைநீக்கத்தை ஒப்புக்கொண்டால் அது நியாயமானது என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. "நாங்கள் நீக்கவே இல்லை, அவர்தான் வரவில்லை" என்று சொன்னால், நீக்கப்பட்டதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். வாயால் அனுப்பி, வாயால் மறுத்த விஷயத்தில் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள்.

அதனால் இந்த வாரமே ஹோட்டலுக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். எந்த வருடத்திலிருந்து என்ன வேலை செய்தீர்கள், சீசன் முடிந்ததும் ஏப்ரலில் அழைப்பதாகச் சொல்லி செப்டம்பர் 30இல் அனுப்பப்பட்டீர்கள், ஏப்ரல் 21இல் வேலைக்கு வந்தபோது மறுக்கப்பட்டீர்கள், இப்போதும் வேலை செய்யத் தயாராக இருக்கிறீர்கள், பத்து நாளுக்குள் பதில் தரவும். இவ்வளவுதான். கோபத்தில் "போன செப்டம்பரிலேயே என்னைத் துரத்திவிட்டீர்கள்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியை வைத்தே காலம் கடந்துவிட்டது என்று வாதாடுவார்கள். தபால் ரசீதையும் கடிதத்தின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தாலும் காலம் நிற்காது, பதிலே வராவிட்டாலும் நிற்காது. கடிதம் சான்றுக்கு மட்டும்தான் உதவும்.

மற்ற சான்றுகளில் முதலாவதாக நான் பார்ப்பது ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று. நான்கு வருடமும் ஒரே முதலாளியின் கீழ், ஒரே அங்கத்துவ இலக்கத்தில் பணம் கட்டப்பட்டிருந்தால், ஒவ்வொரு சீசனும் தனித்தனி வேலை என்ற கதை அங்கேயே பலமிழந்துவிடும். மழைக்கால மாதங்களில் ஏதாவது ஒரு வருடம் பங்களிப்புப் போயிருந்தால் இன்னும் நல்லது. பிறகு சம்பளச் சிட்டைகள், சேர்விஸ் சார்ஜ் வந்த வங்கிக் கூற்று, பணியாளர் அடையாள அட்டை, வேலை நேர அட்டவணையைப் போடும் வட்ஸ்அப் குழு. அந்தக் குழுவிலிருந்து உங்களை எந்த நாளில் நீக்கினார்கள் என்று பாருங்கள். ஏப்ரலுக்குப் பிறகுதான் நீக்கியிருந்தால், அதுவரை உங்களை வேலையாளாகவே வைத்திருந்தார்கள் என்பதற்கு அது ஒரு சிறு சான்று. தொலைபேசியை மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் படம்பிடித்து, அச்சிட்டு வையுங்கள். நியமனக் கடிதம் இல்லையே என்று பயப்பட வேண்டாம்; வாய்மொழி ஒப்பந்தத்தில் வேலை செய்தவரும் சட்டத்தின்படி தொழிலாளிதான்.

இனி நீங்கள் தொழில் திணைக்களத்தில் கொடுத்த முறைப்பாடு. இது பெரிதாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் இந்த நம்பிக்கையில்தான் பலர் காலத்தைக் கோட்டைவிடுகிறார்கள். திணைக்கள அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். ஹோட்டல் தரப்பு முதல் தவணைக்கு வராது, இரண்டாவதற்கு கணக்காளர் வருவார், மூன்றாவதில் முதலாளி வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்வார்கள். மாதங்கள் ஓடும். திணைக்களத்தில் முறைப்பாடு இருப்பதால் நியாய சபைக்குரிய 6 மாதம் ஓடாமல் நிற்பதில்லை. அங்கே பேச்சு முறிந்த பிறகு நியாய சபைக்குப் போகலாம் என்று நினைத்தால், கதவு மூடியிருக்கும்.

திணைக்களத்திடம் வேறொரு பலமான வழியும் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்துதல் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம். முந்தைய 6 மாதத்தில் சராசரியாக 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது சட்டத்தின் முன் செல்லாது. தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதையும் இந்தச் சட்டம் முடிவுறுத்தலாகவே பார்க்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 12 மாதத்தில் 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு இது பொருந்தாது. மே முதல் செப்டம்பர் வரை ஒரு நாள் விடாமல் வேலை செய்தாலும் 153 நாள்தான் வரும். நீங்கள் ஏப்ரலிலேயே தொடங்குபவர் என்பதால் 180ஐத் தொடலாம், தொடாமலும் போகலாம். வார விடுமுறை, பொது விடுமுறை, லீவு நாட்களும் கணக்கில் சேரும் என்பதால் சம்பளச் சிட்டைகளை வைத்து நிதானமாக எண்ணிப் பாருங்கள்.

இரண்டு வழியையும் கடைசிவரை கொண்டுபோக முடியாது. வேறொரு சட்ட நிவாரணத்தை முதலில் நாடியவர் அதே விஷயத்துக்காகத் தொழில் நியாய சபைக்கு வர உரித்துடையவரல்ல; நியாய சபை விண்ணப்பத்தை ஏற்று விசாரித்து முடித்துவிட்டால் வேறு நிவாரணத்துக்கும் உரித்தில்லை. சமரசப் பேச்சுக்காக நீங்கள் கொடுத்த முறைப்பாட்டைக் காட்டி ஹோட்டல் தரப்பு இந்த ஆட்சேபணையைக் கிளப்பக்கூடும். ஆகவே அந்த முறைப்பாட்டின் பிரதியை எடுத்துக்கொண்டு, எந்தச் சட்டத்தின் கீழ் அதைப் பதிந்திருக்கிறார்கள் என்று அதிகாரியிடமே கேளுங்கள். என்னைக் கேட்டால், ஆட்கள் எண்ணிக்கையும் 180 நாளும் ஐயமில்லாமல் இருந்தால் ஒழிய, உங்களைப் போன்றவருக்கு நியாய சபைதான் பாதுகாப்பான இடம். அங்கே 15 பேர் என்ற கணக்கும் இல்லை, 180 நாள் என்ற கணக்கும் இல்லை. 1971 சட்டத்தின் வழியில் போய், பல மாத விசாரணைக்குப் பிறகு "இங்கே 14 பேர்தான் வேலை செய்தார்கள்" என்று ஹோட்டல் ஆவணம் காட்டினால், திரும்பி வர உங்களுக்குக் காலம் இருக்காது.

விண்ணப்பத்தைத் திருகோணமலையில் உள்ள தொழில் நியாய சபையிலேயே கொடுக்கலாம். வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ்தான் என்று அரசியலமைப்பே சொல்கிறது, அதனால் தமிழில் எழுதலாம். சட்டத்தரணி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. நீங்களே தோன்றலாம், உங்கள் தொழிற்சங்கம் உங்களுக்காக விண்ணப்பிக்கவும் செய்யலாம். இருந்தாலும் திகதிச் சிக்கல் உள்ள வழக்கு இது, தனியாகப் போகாதீர்கள். வசதியில்லை என்றால் திருகோணமலையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.

எதிர்மனுதாரரின் பெயரில் கவனமாக இருங்கள். ஹோட்டல் வாசலில் பலகையில் இருக்கும் பெயர் உங்கள் முதலாளியின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. கம்பனி ஒன்றாக இருக்கலாம், ஒரு தனிநபராக இருக்கலாம், கட்டடச் சொந்தக்காரர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர் என்றும் இருக்கலாம். பிழையான பெயரில் போட்டுவிட்டு, 6 மாதம் கழிந்த பிறகு திருத்தப் போனால், சரியான முதலாளிக்கு எதிராகக் காலம் கடந்துவிட்டது என்பார்கள். சேமலாப நிதிக் கூற்றில் முதலாளியின் பெயரும் பதிவிலக்கமும் இருக்கும். அதோடு கம்பனி அல்லாத வியாபாரம் என்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் 21 வரை இருக்கிறதே என்று ஆற அமர இருக்க வேண்டாம். செப்டம்பர் 30 என்ற வாதம் எழப்போகும் வழக்கில், மறுக்கப்பட்டதும் தாமதிக்காமல் வந்தீர்கள் என்பதே உங்கள் நேர்மைக்குச் சாட்சி. ஜூலைக்குள் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. சேமலாப நிதியை எடுக்க உதவுகிறோம், சேவைக் கடிதம் தருகிறோம் என்று கூப்பிட்டு, சொந்த விருப்பத்தில் விலகுவதாகவோ எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்றோ ஒரு தாளை நீட்டுவார்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடமாவது வாசித்துக் கேட்ட பிறகு பார்ப்போம் என்று சொல்லுங்கள். சேமலாப நிதி உங்கள் பணம். அதற்கு விலகல் கடிதம் விலையாகாது.

மேன்முறையீடு பற்றிக் கேட்டீர்கள். விண்ணப்பமே கொடுக்காத நிலையில் இது தூரத்து விஷயம்தான், ஆனாலும் நாட்கள் குறைவு என்பதால் இப்போதே தெரிந்திருப்பது நல்லது. நியாய சபையின் கட்டளை வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனு போய்ச் சேர வேண்டும். ஞாயிறு, போயா என்று கழித்துக் கூட்டி நாளை நீட்டப் பார்க்காமல், நாட்காட்டியில் 30ஐ எண்ணி அதற்கும் ஒரு வாரம் முன்னரே முடித்துவிடுங்கள். கட்டளை வாசிக்கப்படும் அன்றே அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அங்கே மீண்டும் சாட்சிகளை விசாரிக்க மாட்டார்கள். மேன்முறையீடு சட்டப் பிரச்சினையின் மீது மட்டும்தான். "என் சாட்சியை நம்பவில்லை" என்பது தனியே போதாது. சாட்சியம் எதுவுமே இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்தார்கள், முக்கியமான ஆவணத்தைப் பார்க்கவே இல்லை என்பது போன்றவை சட்டப் பிரச்சினையாகும். அதனால் நியாய சபையிலேயே எல்லா ஆவணத்தையும் முறையாக அடையாளமிட்டுச் சேர்த்துவிட வேண்டும். அங்கே விட்டதை மேலே போய்ச் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் வென்று, ஹோட்டல் மேன்முறையீடு செய்தால் சட்டம் உங்களுக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது. முதலாளி மேன்முறையீடு செய்வதற்கு முன் நியாய சபையில் பிணைப்பணம் கட்ட வேண்டும். பணம் கொடுக்கும்படி மட்டும் கட்டளை என்றால் அதே தொகை, மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி கட்டளை என்றால் உங்கள் 12 மாதச் சம்பளம். மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் கொழும்பில் செய்யப்படுவது, 6 வாரம் என்பது கேட்கத்தான் நீளம். தீர்ப்பு வந்த வாரத்திலேயே சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும்.

இதை வாசிக்கும் அரச ஊழியர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். திணைக்களங்களிலும் மாகாண சபை நிர்வாகத்திலும் இருப்பவர்களுக்குத் தொழில் நியாய சபை வழியில்லை. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் அலுவலகம் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சீசன் சூடுபிடித்து ஆள் தட்டுப்பாடு வந்ததும், அல்லது நியாய சபை அறிவித்தல் கையில் கிடைத்ததும், ஹோட்டல் திரும்பக் கூப்பிடலாம். வேலை வேண்டும் என்றால் போங்கள், போவதில் வெட்கமும் இல்லை, வழக்குக்குக் கெடுதலும் இல்லை. ஆனால் நான்கு வருடச் சேவையும் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். 5 வருடம் முடிந்தால் பணிக்கொடைக்கு உரித்து வரும், புதிய நியமனம் என்று போட்டால் அந்த எண்ணிக்கை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். விண்ணப்பம் கொடுத்த பிறகு கூப்பிட்டார்கள் என்றால், இணக்கத்தை நியாய சபைத் தலைவர் முன்னிலையில் பதிவுசெய்த பிறகே வழக்கை முடித்துக்கொள்ளுங்கள். முகாமையாளர் தொலைபேசியில் கேட்டார் என்பதற்காக முன்கூட்டியே வாபஸ் வாங்கிவிட்டு, அடுத்த செப்டம்பரில் மீண்டும் அனுப்பப்பட்டால், பழைய வழக்கைத் தூக்கி நிறுத்த முடியாது.